உழாமல் விட்ட இடங்கள்

முதல் நாள்: பராபூ, விஸ்கான்சின்

காலை ஏழரைக்கு மேடிசனிலிருந்து கிளம்பினோம். நானும் மனைவியும், ஒரு வாடகைக் கார், கையில் ஆறு நாள். மண் அரிப்பைத் தடுக்கவும் பறவைக்கும் விலங்குக்கும் இடம் விடவும் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை உழாமல் விட்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அவர்களில் சிலரையாவது பார்க்க வேண்டும், அந்த நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கி, பக்கத்து மாநிலமான அயோவாவைக் குறுக்கே கடந்து, மிசூரி ஆற்றங்கரையில் முடிப்பதாக ஏற்பாடு.

ஜூன் நடுவில் வந்ததற்குக் காரணம் உண்டு. மக்காச்சோளம் இன்னும் முழங்காலைத் தொடவில்லை. வரிசைகளுக்கு நடுவே மண் வெறுமையாகக் கிடக்கிறது. கனமழை பெய்கிற மாதமும் இதுதான். ஒரு நிலத்தை அதன் சொந்தக்காரர் எப்படி வைத்திருக்கிறார் என்பதை இந்த மாதத்தில் மறைக்க முடியாது.

முதலில் போனது, நிலத்தையும் காட்டுயிரையும் காப்பது பற்றி எழுதிய ஆல்டோ லியோபோல்டின் குடிசைக்கு. விஸ்கான்சின் ஆற்றோரம் மணல் பூமி. 1935-ல் அவர் இதை வாங்கியபோது, மக்காச்சோளம் போட்டுப் போட்டுச் சாரமெல்லாம் போய், முன்னிருந்தவர் கைவிட்டுப் போன பண்ணை இது. நின்றிருந்த ஒரே கட்டடம் கோழிக்கொட்டகை. அதைத்தான் துப்புரவாக்கிக் குடும்பத்தோடு வார இறுதிகளில் தங்கினார். அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து பல்லாயிரம் பைன் கன்றுகள் நட்டார்கள். 1936-ல் வந்த வறட்சியில் முதலில் நட்டவை பெரும்பாலும் கருகிப் போயின. மறுபடி நட்டார்கள்.

இன்று அந்த மரங்களுக்குக் கீழே நின்றால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. குடிசை எதிர்பார்த்ததைவிடச் சின்னது. கதவுக்கு எதிரே மரப் பலகையில் செய்த பெஞ்சு ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்தபோது ஆற்றுப் பக்கமிருந்து சாண்ட்ஹில் கொக்குகளின் குரல் வந்தது. கட்டையை உருட்டி விட்டாற்போல் ஒரு முரட்டுக் குரல், ஒரு மைலுக்குக் கேட்கும். 1930-களில் இந்த மாநிலத்தில் இவற்றில் சில பத்து ஜோடிகளே மிஞ்சியிருந்தன. சாயங்காலம் சாலையோர வயலில் ஒரு ஜோடியும் அவற்றின் பின்னால் செம்பட்டை நிறத்தில் ஒரு குஞ்சும் நடப்பதைப் பார்த்தோம். மனைவி காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் பேசவேயில்லை.

லியோபோல்ட் இறந்தது 1948 ஏப்ரலில். பக்கத்து நிலத்தில் புல்லில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு. அந்த நிலம் அவருடையது இல்லை என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள்: கூன் வேலி

பராபூவிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டியிருப்போம். திடீரென்று நிலம் மடிந்து மடிந்து எழத் தொடங்குகிறது. பனியுகத்தில் மற்ற இடங்களையெல்லாம் தேய்த்துச் சமதளமாக்கிய பனிப்பாறைகள் இந்த வட்டாரத்தைத் தொடாமல் விலகிப் போய்விட்டன. அதனால் செங்குத்தான சரிவுகள், குறுகிய பள்ளத்தாக்குகள், மேட்டின் மேலே காற்று கொண்டுவந்து கொட்டிய மென்மையான வண்டல். உழுவதற்கு இதைவிட நல்ல மண் கிடையாது. மழையில் கரைவதற்கும் இதைவிட நல்ல மண் கிடையாது.

குடியேறியவர்கள் சரிவில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் உழுதார்கள். மரச் சரிவுகளில் மாடுகளை விட்டார்கள். ஏர்ச்சால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால் ஆனது. 1920-களில் மேட்டு நிலங்களில் ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாத ஓடைப் பள்ளங்கள் விழுந்தன. கரைந்த மண்ணெல்லாம் பள்ளத்தாக்கின் அடியில் போய்ப் படிந்து, கீழே இருந்தவர்களின் வயலையும் வேலியையும் புதைத்தது. மேலே இருப்பவர் இழந்த மண் கீழே இருப்பவருக்கு லாபமாகவில்லை, இருவருக்குமே நட்டம். ஓடையில் இருந்த ட்ரவுட் மீனும் போனது. அதற்குக் குளிர்ந்த, தெளிந்த தண்ணீர் வேண்டும்.

1933-ல் ஹியூ ஹேமண்ட் பென்னட் தலைமையில் அமெரிக்க அரசு மண் அரிப்புத் துறை ஒன்றைத் தொடங்கியது. ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதியையே எடுத்துச் சீர்செய்து காட்டுவது என்று முடிவானது. நாட்டிலேயே அப்படி முதன்முதலாக எடுத்தது இந்தக் கூன் ஓடையைத்தான். 90 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அத்தனையும் தனியார் நிலம். ஆகவே ஒவ்வொரு பண்ணையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு சமையலறை மேசையிலும் உட்கார்ந்து பேசவேண்டி இருந்தது. 400-க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விதை, சுண்ணாம்பு, உரம், வேலைக்கு இளைஞர் படை எல்லாம் அரசு தரும். பதிலுக்கு, சரிவின் குறுக்கே வளைந்து உழ வேண்டும். மாட்டை மரச் சரிவிலிருந்து வேலி கட்டி விலக்க வேண்டும். செங்குத்தான இடத்தை உழாமல் விட வேண்டும். பள்ளம் விழுந்த இடங்களில் பறவைகளுக்காக மரமும் புதரும் வைத்தார்கள். லியோபோல்ட் இந்தத் திட்டத்தின் ஆலோசகர்களில் ஒருவர். பொதுநலனைக் காக்கும் நிலக்காரருக்கு அதனால் பலன் கிடைக்க வழி செய்யாவிட்டால் எந்தப் பாதுகாப்பும் நிற்காது என்பது அவருடைய வாதம்.

இன்று எங்களைச் சுற்றிக் காட்டியவர் அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒருவரின் பேரன். அறுபதைத் தாண்டியவர். முன்பே கடிதம் எழுதியிருந்தேன், வாசலிலேயே காத்திருந்தார். மேட்டின் உச்சிக்குக் கூட்டிப்போய், "கீழே பாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார்.

பார்த்தோம். சரிவைச் சுற்றி வளைந்து வளைந்து பட்டைகள். ஒன்று மக்காச்சோளம், அடுத்தது குதிரைமசால், அதையடுத்து ஓட்ஸ், மறுபடியும் மக்காச்சோளம். ஒரே உயரத்தில் கோடு பிடித்து, மலையின் உடம்பை ஒட்டியே போகின்றன. மேல் பட்டையில் வெறும் மண்ணிலிருந்து கிளம்புகிற தண்ணீரை அடுத்த பட்டையிலுள்ள அடர்ந்த மசால் பிடித்து நிறுத்தி உள்ளே இறக்குகிறது. ஒப்பந்தம் ஐந்து வருஷம்தான். அது முடிந்து எத்தனையோ பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஏன் மாற்றவில்லை?" என்று கேட்டேன்.

"டிராக்டரில் ஏறினால் கை தானாக அப்படித்தான் திரும்பும்" என்றார்.

ஸ்டான்லி டிரிம்பிள் என்ற புவியியலாளர் பல பத்தாண்டுகள் இந்த ஓடையின் படிவுகளை அளந்தார். 1930-களில் பள்ளத்தாக்கில் மண் படிந்த வேகத்தோடு ஒப்பிட்டால் 1990-களில் அது சுமார் 6 விழுக்காடுதான் என்று அவர் கண்டார். ட்ரவுட் திரும்பி வந்துவிட்டது. ஊருக்குள் ஓடையோரம் தூண்டிலோடு நிற்பவர்கள் நிறையப் பேர்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் அவர் எங்களை அடுத்த மேட்டுக்கும் கூட்டிப்போனார். அங்கே பட்டைகள் இல்லை. ஒரே மக்காச்சோளம், அதற்கப்பால் ஒரே சோயா. "அந்த வீட்டில் மாடுகளை விற்றுவிட்டார்கள்" என்றார். எனக்கு உடனே புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. மசால் பட்டை நின்றது மாடு இருந்ததால். மாட்டுக்குத் தீவனம் வேண்டும், அதனால் நிலத்தில் எப்போதும் ஒரு பங்கு புல்லாக இருந்தது. பால் விலை கட்டுப்படியாகாமல் சிறு பால்பண்ணைகள் மூடிக்கொண்டே வருகின்றன. மாடு போனால் மசால் போகிறது. மசால் போனால் பட்டை போகிறது. பட்டை போனால் மண்ணும் போகத் தொடங்குகிறது. தொண்ணூறு வருஷமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்ததில் பாதிப் பங்கு பசுவுக்குச் சேர வேண்டும் என்று எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

2018 ஆகஸ்டில் ஒரே இரவில் கொட்டிய மழையில் இந்த வட்டாரத்தில் ஐந்து வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்தன. மூன்று இந்த ஓடையில், இரண்டு பக்கத்துக் கிக்கப்பூ ஆற்றின் கிளையில். தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று தன் களஞ்சியச் சுவரில் கை வைத்துக் காட்டினார். அவர் தோளுக்கு மேலே இருந்தது. அணையைக் காட்டிலும் மேட்டு நிலத்தின் மண்ணுக்குள்தான் தண்ணீரைத் தேக்க வேண்டும் என்று இப்போது பக்கத்து நிலக்காரர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்களாம். தாத்தா காலத்தில் சமையலறை மேசையில் பேசிய அதே பேச்சு.

மூன்றாம் நாள்: அயோவாவுக்குள்

பிரெய்ரி டு ஷீனில் மிசிசிப்பியைக் கடந்தோம். இன்று ஓட்டம் அதிகம், எழுத்து குறைவு.

ஹேடன் பிரெய்ரியில் ஒரு மணி நேரம் நின்றோம். 240 ஏக்கர். ஒருபோதும் உழப்படாத புல்வெளி. பிரெய்ரி என்றால் இந்த வட்டாரத்தின் இயற்கைப் புல்வெளி. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான ஏடா ஹேடன் என்ற தாவரவியலாளர், மிஞ்சியிருந்த புல்வெளித் துண்டுகளைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தார். அதன் பயனாக 1945-ல் மாநிலம் இதை வாங்கியது. ஒரு காலத்தில் அயோவாவில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் இருந்தது. இப்போது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் ஏருக்கு அடியில் போயிற்று. புல்லின் வேர் பத்தடி, பதினைந்தடி இறங்கி, செத்து, மக்கி, ஆயிரக்கணக்கான வருஷம் உண்டாக்கிய கறுப்பு மண்தான் இந்த மாநிலத்தின் சொத்து முழுவதும்.

பிற்பகலில் ஒரு சிற்றூரை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தைக் கண்டு நிறுத்தினோம். முதல் குடியேறிகளைப் புதைத்த இடம்; ஏர் தொடாததால் பழைய புல் அங்கே பிழைத்திருக்கிறது. நான்கு பக்கமும் மக்காச்சோளம். வேலியோரம் நின்ற மனைவி, "இங்க பாருங்க, இது மேடு இல்லை. அதுதான் பள்ளம்" என்றாள். உண்மைதான். கல்லறைத் தோட்டத்தின் தரை பழைய உயரத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் வயல்தான் இறங்கியிருக்கிறது. வேலிக்கு அப்பால் காலை வைத்தேன். முழங்கால் அளவுப் படி. மழை மட்டும் செய்த வேலையில்லை இது. கலப்பை ஒவ்வொரு முறை போகும்போதும் மேட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மக்காச்சோளம் விளையும் இந்த நடுமேற்குப் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் தன் கறுப்பு மேல்மண்ணை முழுக்க இழந்துவிட்டது என்று 2021-ல் ஓர் ஆய்வு சொன்னது. காரிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. மேடுகளின் நெற்றி மட்டும் வெளிறிப் பழுப்பாக இருக்கிறது.

இரவு விடுதிக்கு வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இதை எழுதும்போதும் ஜன்னலில் அடிக்கிறது. நாளைக்கு இந்த மழையை நல்ல மழை என்று சொல்வேனா தெரியவில்லை.

நான்காம் நாள்: அந்த அம்மாவின் 240 ஏக்கர்

மத்திய அயோவா. ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

எழுபத்தெட்டு வயது. கணவர் இறந்து பதினோரு வருஷம். 240 ஏக்கரும் இவர் பெயரில். உழுகிறவர் குத்தகைதாரர். இந்த மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட விளைநிலம் குத்தகைக்குத்தான் ஓடுகிறது. ஏறத்தாழ பாதி நிலம் பெண்கள் பெயரில் இருக்கிறது. மண் காப்பு என்றதும் டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்தான் எல்லோர் மனக்கண்ணிலும் வருகிறார். முடிவு எடுக்க வேண்டியவர் பல வீடுகளில் இப்படி மூக்குக் கண்ணாடியும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒரு பாட்டி.

"மழை நின்றுவிட்டது, தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்" என்றார்.

சாலையின் அந்தப் பக்கம் வேறொருவர் நிலம். சோயா முளைத்து நாலு இலை விட்டிருந்தது. சரிவின் மடிப்பில் நேற்று இல்லாத ஒரு வாய்க்கால், கணுக்கால் ஆழம், இரண்டு பக்கமும் வேரோடு சாய்ந்த செடிகள். சாலையோரப் பள்ளத்தில் தண்ணீர் பாலைக் கொட்டிய காப்பி நிறத்தில் சுழன்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பித் தன் நிலத்துக்குள் நடந்தார்.

இவருடைய மேட்டுச் சரிவில் 38 ஏக்கர் புல். 1985-ல் வந்த விவசாயச் சட்டம் கொண்டுவந்த நில ஒதுக்கீட்டுத் திட்டத்தில் இவரும் கணவரும் 1987-ல் சேர்ந்தார்கள். எளிதில் அரித்துப் போகும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து வருஷத்துக்குப் பயிரிடாமல் விட்டால் ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு ஆண்டு வாடகை தரும், புல் விதைக்கும் செலவில் பாதியும் தரும். பண்ணைக் கடன் நெருக்கடிக் காலம் அது. "பறவைக்காகச் சேரவில்லை, பாங்குக்காகச் சேர்ந்தோம்" என்றார். முதல் இரண்டு ஒப்பந்தக் காலமும் அங்கே வெளிநாட்டுப் புரோம் புல்தான். மண்ணைப் பிடித்தது, வேறொன்றும் வரவில்லை. மூன்றாவது முறை கையெழுத்துப் போடும்போது மண்ணின் புல்லும் பூவுமாக முப்பதுக்கு மேற்பட்ட விதைகளைக் கலந்து விதைத்தார்கள்.

முதல் வருஷம் களைதான் வந்ததாம். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள். களை விதை கட்டுமுன் உயரத்தில் வெட்டி வெட்டி விட வேண்டும்; அடியில் பிரெய்ரி நாற்று வெளிச்சம் வாங்கி வேரை இறக்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் வருஷம் கோடையில்தான் வெளிர்ஊதாக் கூம்புப்பூ பூத்தது. அந்த நாளைத் தேதியோடு சொன்னார். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் அண்டை வீட்டுக்காரர்கள் சேர்ந்து தீ வைத்து எரிக்கிறார்கள். பழைய சருகு போய்ப் புதுத்தூர் வரும், ஊடுருவும் மரக்கன்று சாகும்.

இன்று அந்த 38 ஏக்கரில் நடந்தபோது டிக்சிஸல் குருவி ஒவ்வொரு தண்டு நுனியிலும் ஒன்றாக நின்று கத்திக்கொண்டிருந்தது. பாபோலிங்க் ஒன்று கறுப்பு உடலும் மஞ்சள் பிடரியுமாகப் பாடிக்கொண்டே எழுந்து பறந்தது. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில் கழித்துவிட்டு இந்தப் புல்லில் தரையில் கூடு வைக்க வருகிற பறவை. வைக்கோலுக்காகச் சீக்கிரம் அறுத்தால் குஞ்சு பறக்குமுன் கத்தி வந்துவிடும். அதனால் கூடு கட்டும் பருவம் முடியும்வரை இங்கே யாரும் இயந்திரத்தோடு நுழைவதில்லை.

கீழே குத்தகைதாரர் உழும் வயல். அதற்குள் சரிவின் குறுக்கே மூன்று இடங்களில் முப்பதடி அகலத்தில் புல்வெளிப் பட்டைகள் விட்டிருக்கிறார். இது புது வழி. 2018 விவசாயச் சட்டத்துக்குப் பிறகு இதுவும் ஒதுக்கீட்டுத் திட்டத்துக்குள் வந்திருக்கிறது. "பட்டைக்கு இவர் உங்களை ஒப்புக்கொள்ள வைக்க எத்தனை நாள் ஆயிற்று?" என்று குத்தகைதாரரிடம் கேட்டேன், அவரும் வந்திருந்தார், நாற்பது வயது, அதிகம் பேசாதவர். எதிர்ப்பு மண்ணைப் பற்றி இல்லையாம். தெளிப்பான் கையின் அகலம் தொண்ணூறு அடி. இரண்டு பட்டைக்கு நடுவே உள்ள வயல் அந்தத் தொண்ணூறின் மடங்கில் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் மருந்து வீணாகும், பட்டைமேல் விழுந்து பூவையும் கொல்லும். இருவரும் நாடாப் பிடித்து மறுபடி அளந்து கோட்டை நகர்த்தினார்கள். சண்டை தீர்ந்தது. இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சமாதானம்.

மழைத்தண்ணீர் மேல் வயலிலிருந்து கலங்கலாக வந்து பட்டைக்குள் நுழைகிறது. பிரெய்ரிப் புல்லின் தண்டு விறைப்பானது, கனத்த தண்ணீரிலும் படுத்துவிடாது. ஓட்டம் தட்டுப்பட்டு மெதுவாகிறது, மண்ணைக் கீழே போடுகிறது, வேர்த்துளைகளில் இறங்குகிறது. குனிந்து பட்டையின் கீழ் விளிம்பில் பார்த்தேன். கசிந்து வந்த தண்ணீரின் அடியில் கூழாங்கல் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னார். நான்காவது ஒப்பந்தம் அடுத்த செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. மகன் நகரத்தில் இருக்கிறார். 38 ஏக்கரையும் உழவுக்கு விட்டால் குத்தகை கூடுதலாக வரும் என்கிறார். அவர் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. இந்தத் திட்டத்தில் 2007-ல் நாடு முழுக்க 3.68 கோடி ஏக்கர் இருந்தது, அதுதான் உச்சம். எத்தனாலுக்காக மக்காச்சோள விலை ஏறியதும் லட்சக்கணக்கான ஏக்கரில் ஒப்பந்தம் முடிந்த கையோடு கலப்பை இறங்கியது. 2014 சட்டம் உச்சவரம்பையே 2.4 கோடிக்குக் குறைத்தது. பத்து வருஷம் வளர்ந்த வேரை ஒரு மதியத்தில் உழுதுவிடலாம்.

கூன் வேலிக்காரரின் கை ஒப்பந்தம் முடிந்த பின்னும் தானாகத் திரும்புகிறது. இங்கே அப்படித் திரும்பப் போகிற கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஐந்தாம் நாள்: பிரெய்ரி சிட்டி

அயோவாவின் தலைநகரான டெமாயினுக்குக் கிழக்கே நீல் ஸ்மித் தேசியக் காட்டுயிர்ப் புகலிடம். இந்த இடத்தை ஒரு மின்நிறுவனம் அணுமின் நிலையம் கட்ட வாங்கிப் போட்டிருந்தது. திட்டம் கைவிடப்பட, 1990-களின் தொடக்கத்தில் புகலிடமானது. கையில் இருந்தது வெறும் மக்காச்சோள, சோயா வயல்கள். புல்வெளியை விதையிலிருந்து மறுபடி உண்டாக்க வேண்டும். அந்த விதையைத் தன்னார்வலர்கள் எங்கே போய்ப் பொறுக்கினார்கள் தெரியுமா? இரயில் பாதையோரங்களிலும், மூன்றாம் நாள் நாங்கள் பார்த்தது போன்ற கல்லறைத் தோட்டங்களிலும்.

காரில் சுற்றும்போது பைசன் மந்தை சாலைக்கு அருகிலேயே கிடந்தது. செம்மண் நிறத்தில் கன்றுகள். ஒரு கிழட்டு ஆண் எழுந்து உடம்பை உதறியபோது புழுதி நெடுநேரம் நின்றது.

ஆனால் நான் வந்தது பைசனுக்காக இல்லை. நேற்றுப் பார்த்த பட்டைகள் பிறந்த இடம் இது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007-ல் இங்கே சிறுசிறு சரிவுகளில் பயிருக்கு நடுவே பிரெய்ரிப் பட்டைகளைப் போட்டு, ஒவ்வொரு சரிவின் அடியிலும் வழிந்து வரும் தண்ணீரை அளந்தார்கள். வயலில் பத்தில் ஒரு பங்கைப் பட்டையாக விட்டால் வெளியேறும் மண்ணில் சுமார் 95 விழுக்காடு நின்றுவிடுகிறது. பறவைகள் இரண்டு மடங்கு, மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் மூன்று மடங்குக்கும் மேல். பத்தில் ஒன்றைக் கொடுத்து இவ்வளவு வாங்குவது எனக்கு நம்பக் கடினமாகவே இருந்தது, நேற்று அந்தக் கூழாங்கல்லைப் பார்க்கும் வரை. எங்கே விடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். தண்ணீர் ஓடும் வழியை அறிந்து அதன் குறுக்கே விட வேண்டும். வயலின் ஏதோ ஒரு மூலையில் அதே பத்தில் ஒன்றை விட்டால் இது நடக்காது.

இருட்டியதும் மின்மினிகள். பக்கத்து மக்காச்சோள வயலில் அங்கொன்றும் இங்கொன்றும்; புல்வெளியில் தரையோடு தரையாக ஆயிரக்கணக்கில். எல்லை எங்கே என்று வேலியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் நாள்: லோயஸ் ஹில்ஸ்

ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே போகும் வழியில், அடேர் ஊர்ப் பக்கத்து ஓய்விடத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. அயோவாவின் மேல்மண் எவ்வளவு ஆழம் இருந்தது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஆண்டுகளைக் குறித்துக் காட்டும் கோடுகள். 1850-ஆம் ஆண்டுக் கோடு உயரத்தில், 2000-ஆம் ஆண்டுக் கோடு அடியில். லாரி ஓட்டுநர்கள் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மதியம் பிஸ்கா ஊருக்கு அருகே மர்ரி ஹில் மேட்டில் ஏறினோம். பனியுகத்தில் மிசூரி ஆற்றுச் சமவெளியிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்து குவித்த, லோயஸ் என்ற தூசியே இந்த மலைகள். சில இடங்களில் இருநூறு அடி கனம். உள்ளங்கையில் எடுத்தால் மாவு. காய்ந்திருக்கும்போது சுவர் போல் செங்குத்தாக நிற்கிறது; நனைந்தால் சர்க்கரை போல் கரைகிறது. நூறு வருஷத்துக்கு முன் இங்குள்ள ஓடைகளை நேராக வெட்டி விட்டார்கள். நேரானதும் தண்ணீர் வேகம் பிடித்துத் தன் அடியையே தோண்டியது. ஓடை ஆழமாக ஆக, கரை சரிந்து, பக்கத்து நிலங்களுக்குள் பள்ளம் ஏறி வந்தது. பாலங்கள் விழுந்தன. வழியில் ஒரு பண்ணையில் நிறுத்திப் பேசினோம். ஓடையில் படிப்படியாகப் பாறைத் தடுப்பு போட்டு அடியை நிறுத்தியிருக்கிறார்கள். மேலே முதுகுச் சரிவில் செஞ்சிடார் மரங்களை வெட்டிப் புல்லுக்கு வழி விட்டிருக்கிறார் நிலக்காரர். தீ இல்லாமல் போனதால் சிடார் ஏறிப் புல்வெளியை மூடிவிடுகிறதாம். இந்த மலைகளில் பெரும்பகுதி தனியார் நிலம். ஒவ்வொரு மலை முதுகும் ஒவ்வொருவர் முடிவு.

மேட்டின் மேல் காற்று பலமாக இருந்தது. கீழே சமவெளி முழுக்க மக்காச்சோளம், அதற்கப்பால் ஆற்றின் மரவரிசை, அதற்கப்பால் நெப்ராஸ்கா. மனைவி புல்லில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிக் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினாள். கறுப்பும் பழுப்பும் மஞ்சளுமாக மூன்று நிறத்தில் உதிர்ந்தது.

அப்போது போனில் ஒரு செய்தி வந்தது. நான்காம் நாள் பார்த்த அந்த அம்மா. அப்படியே தமிழில் தருகிறேன்: "நேற்று இரவு மறுபடி மழை. மகன் வந்திருக்கிறான். காலையில் பூட்ஸ் போடச் சொல்லி, முதலில் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனேன், அப்புறம் பட்டைக்குக் கீழே. குனிந்து தண்ணீரில் கையை விட்டான். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் புல்லுக்குள் தனியாகப் போயிருக்கிறான்."